பதினான்காவது குழியும் ஆறாவது குழியும்

இந்த முறை வந்த கடிதம் ஐந்து பக்கம். எழுதியவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வாசகருக்கு வயது நாற்பத்தாறு. மலை நகரம் ஒன்றில் இருக்கும் கிளப்பில் பதினைந்து ஆண்டுகளாக கோல்ஃப் ஆடுகிறார். ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வாசகர் அவரை இன்றும் 'சார்' என்றுதான் அழைக்கிறார். கடந்த மாதம் நடந்த ஸ்ட்ரோக் பிளே போட்டியில் (ஒவ்வொருவரும் அடித்த ஸ்ட்ரோக்குகளை, அதாவது அடிகளைக் கூட்டி எல்லோரையும் ஒப்பிடும் முறை) சார், வாசகர், இன்னொரு நண்பர் மூவரும் ஒரே குழுவில் ஆடினார்கள். சாருக்கு மார்க்கர், அதாவது அவருடைய ஸ்கோரைக் கார்டில் குறிப்பவர், வாசகர்தான். பதினான்காவது குழியில் சாரின் பந்து ரஃபில் (புல் உயர்ந்த ஓரப் பகுதியில்), ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் கிடந்தது. பந்தை ஒட்டிக் கிடந்த காய்ந்த பட்டைச் சுருளை அவர் விலக்கியபோது பந்து ஓர் அங்குலம் உருண்டது. "நகர்ந்துவிட்டது, திரும்ப வைத்துவிடுகிறேன்" என்று இருவருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, பழைய இடத்தில் வைத்து அடித்தார். குழி முடிந்ததும் "ஐந்து" என்றார். ஒரு தண்டனை ஸ்ட்ரோக் சேர வேண்டுமோ என்று வாசகருக்குச் சந்தேகம். கேட்க வாய் வரவில்லை. ஐந்து என்றே எழுதினார். கடைசியில் கார்டில் கையெழுத்தும் போட்டார்.

மதிய உணவின்போது கைப்பேசியில் விதியைத் தேடிப் படித்ததும் சந்தேகம் உறுதியானது. உடனே எழுந்துபோய்ச் செயலாளரிடம் சொன்னார். ஒரு ஸ்ட்ரோக் கூட்டுவார்கள், அப்படிக் கூட்டினாலும் கோப்பை சாருக்குத்தான் என்று நினைத்திருந்தார். சாரின் நிகர ஸ்கோர் (திறனுக்கேற்ற சலுகையைக் கழித்த அடிக் கணக்கு; குறைந்தவரே வெல்வார்) 69, இவருடையது 71. கமிட்டி பத்து நிமிடம் கூடிப் பேசியது. சாரை அழைத்து எதுவும் கேட்கவில்லை. பரிசளிப்பின்போது ஒலிபெருக்கியில், தவறான கார்டில் கையெழுத்திட்டதால் அவர் தகுதிநீக்கம் செய்யப்படுகிறார் என்று அறிவித்தார்கள். கோப்பை வாசகர் கைக்கு வந்தது. சார் தட்டில் கைவைக்காமல் எழுந்து போனார்; மூன்று வாரமாக கிளப்புக்கு வரவில்லை. உறுப்பினர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர், 'குருவின் முதுகில் குத்திக் கோப்பை வாங்கியவர்' என்று எழுதியிருக்கிறார். இவரை இடைநீக்கம் செய்ய வேண்டும் என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் பேசுகிறார்கள்.

நான் செய்தது தவறா, என்னை நீக்க அவர்களுக்கு உரிமை உண்டா, அந்தச் செய்தியை எழுதியவர் மீது அவதூறு வழக்குப் போடலாமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

நான் வழக்கறிஞன். வார இறுதிகளில் அமெச்சூர் போட்டிகளுக்கு நடுவராகவும் போகிறேன். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு விதமாகவும் படித்தேன். சொல்லப்போவதில் சில உங்களுக்கு ஆறுதல் தரும், சில தராது. ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

விட்டுக்கொடுக்க உங்களிடம் என்ன இருந்தது?

"நிக்லஸாக இருந்தால் கண்டும் காணாமல் விட்டிருப்பார்" என்று ஒரு மூத்த உறுப்பினர் உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது அமெரிக்க, பிரிட்டிஷ் அணிகள் மோதிய 1969 ரைடர் கோப்பையை. ராயல் பர்க்டேல் மைதானத்தில், கடைசி ஆட்டத்தின் கடைசி குழியில், எதிரணியின் டோனி ஜாக்லின் போட வேண்டியிருந்த குறுகிய 'பட்' (பந்தைக் குழியில் இறக்கும் மெல்லிய அடி) ஒன்றை அமெரிக்க அணியின் ஜாக் நிக்லஸ் விட்டுக்கொடுத்தார், அதாவது அடிக்காமலே விழுந்ததாக ஏற்றுக்கொண்டார். போட்டி 16-16 என்று சமனில் முடிந்தது. அவருடைய அணித்தலைவர் சாம் ஸ்னீடுக்கே அது பிடிக்கவில்லை. நானும் அந்தச் செயலை மனமார மதிக்கிறேன். ஆனால் அது மேட்ச் பிளே, குழிக்குக் குழி நேருக்கு நேர் மோதும் முறை. அங்கே நிக்லஸுக்கு எதிரில் நின்றவர் ஒரே ஒருவர். எதிராளியின் 'பட்' அடியை விட்டுக்கொடுக்க விதியே இடம் தருகிறது. எதிராளி விதியை மீறினால்கூட, நீங்களாகவே அதைப் பெரிதுபடுத்தாமல் விட்டுவிடலாம். இருவரும் பேசி வைத்துக்கொண்டு விடுவதுதான் கூடாது.

நீங்கள் ஆடியது ஸ்ட்ரோக் பிளே. நீங்கள் யூகலிப்டஸ் மரத்தடியில் நின்ற அதே நேரத்தில் யாரோ ஒருவர் மூன்றாவது குழியில் மணல் பங்கரிலிருந்து பந்தை வெளியே எடுக்கப் போராடிக்கொண்டிருந்திருப்பார். அவருக்கும் சாருக்கும் இடையில் போட்டி நடக்கிறது. சாரின் பந்து அசைந்ததை அவர் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. அவர் சார்பில் பார்ப்பதற்காகத்தான் உங்கள் கையில் அந்தக் கார்டைக் கொடுத்திருக்கிறார்கள். சாரின் ஒரு ஸ்ட்ரோக்கை நீங்கள் மன்னித்தால், அந்த மன்னிப்புக்கான விலையைப் பெயர் தெரியாத அந்த மனிதர் கொடுக்கிறார். இன்னொருவர் பணத்தை எடுத்து தர்மம் செய்வதை நாம் பெருந்தன்மை என்று சொல்வதில்லை. அதனால்தான் ஸ்ட்ரோக் பிளேயில் ஒருவர் விதியை மீறியதாகத் தெரிந்தாலோ, அப்படி நம்பினாலோ, அதைச் சொல்ல வேண்டும் என்று விதி 20.1 எதிர்பார்க்கிறது. ஆகவே, நீங்கள் சொன்னது தவறில்லை. குரு என்பதற்காக விட்டிருக்க வேண்டும் என்பவர்களிடம் இதை அமைதியாகச் சொல்லுங்கள்.

எப்போது சொன்னீர்கள் என்பது வேறு விஷயம்

அதே விதி, உடனே சொல்ல வேண்டும் என்கிறது. முடிந்தவரை அவர் கார்டை ஒப்படைப்பதற்கு முன்பாவது. பதினான்காவது கிரீனிலிருந்து (குழியைச் சுற்றியுள்ள குறும்புல் தரை) நடந்துவரும்போது, "சார், பட்டையை எடுத்தபோது பந்து நகர்ந்ததே, அதற்கு ஒரு ஸ்ட்ரோக் உண்டோ என்று எனக்குச் சந்தேகம், கார்டு கொடுக்கும் முன் கேட்டுவிடலாமா?" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சார் ஆறு என்று எழுதச் சொல்லியிருப்பார். 70 ஸ்ட்ரோக்கில் கோப்பையை வாங்கிக்கொண்டு, மாலையில் உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

'சந்தேகம்தானே, உறுதியாகத் தெரியாதே' என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்பதற்குச் சந்தேகமே போதும். மரியாதையால் பேசாமல் இருந்தேன் என்கிறீர்கள். உங்கள் மனதை நான் புரிந்துகொள்கிறேன். நம் ஊரில் கற்றுக்கொடுத்தவரைக் கேள்வி கேட்பது எளிதல்ல. ஆனால் அவர் காதில் விழும்படி மெதுவாகச் சொல்லியிருக்க வேண்டியதை, அவர் இல்லாத இடத்தில் செயலாளரிடம் சொன்னீர்கள். சாரைக் காயப்படுத்தியது தண்டனையைவிட இதுதான் என்று நினைக்கிறேன். சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்தபோதுகூட, செயலாளரிடம் போகும் முன் சார் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போயிருக்கலாம்.

கமிட்டி செய்த பிழை

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இந்தப் பகுதிதான். நீங்கள் சொல்லும் விவரங்கள் சரியென்றால், சாரைத் தகுதிநீக்கம் செய்தது தவறு.

பந்து நகர்வது தொடர்பான விதிகள் சில ஆண்டுகளாக மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 2016 அமெரிக்க ஓப்பனில், ஓக்மான்ட் மைதானத்தின் ஐந்தாவது கிரீனில் டஸ்டின் ஜான்சனின் பந்து அசைந்தது. தான் அசைக்கவில்லை என்றார், உடனிருந்த நடுவரும் ஏற்றுக்கொண்டார். ஆனால் பன்னிரண்டாவது டீயில் (குழியின் முதல் அடியை அடிக்கும் இடம்) அவரிடம் வந்து, ஆட்டம் முடிந்தபின் மறுபடி பார்ப்போம் என்றார்கள். மிச்சமிருந்த குழிகளை, தன் ஸ்கோர் என்னவென்றே தெரியாமல் அவர் ஆட வேண்டியிருந்தது. இறுதியில் ஒரு ஸ்ட்ரோக் கூட்டினார்கள். அதையும் மீறி மூன்று ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். அந்தக் குழப்பத்துக்குப் பிறகு, கிரீனில் தற்செயலாகப் பந்தை நகர்த்தினால் தண்டனை கிடையாது என்று ஆனது. 2019 விதிப்புத்தகத்தில் அது நிலைபெற்றது. பந்தைத் தேடும்போது தற்செயலாக நகர்ந்தாலும் அப்படித்தான். ஆனால் கிரீனுக்கு வெளியே இலை, குச்சி, பட்டை ஆகியவற்றை விலக்கும்போது பந்து நகர்ந்தால் இன்றும் ஒரு ஸ்ட்ரோக் தண்டனை உண்டு. பந்தைத் திரும்ப வைக்கவும் வேண்டும். சார் பாதி சரியாகச் செய்தார். திரும்ப வைத்தால் போதும், தற்செயல் என்பதால் தண்டனை இல்லை என்று நம்பியிருக்கிறார். மறைக்க நினைப்பவர் "நகர்ந்துவிட்டது" என்று உரக்கச் சொல்ல மாட்டார்.

கமிட்டியில் இருப்பவர்களின் நினைவில் பழைய விதி தங்கியிருக்க வேண்டும். 2011-இல் அபுதாபி போட்டியில் பாட்ரிக் ஹாரிங்டன் முதல் சுற்றில் 65 அடித்துவிட்டு மறுநாள் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். பந்து மிகச் சிறிதளவு நகர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒருவர் தெரிவித்திருந்தார். அந்தத் தண்டனையைச் சேர்க்காமல் கையெழுத்திட்டதுதான் குற்றம். அன்றைய விதி அவ்வளவு கடுமையாக இருந்தது. இன்று அப்படி இல்லை. தண்டனை இருக்கிறது என்றே தெரியாமல் ஒருவர் குறைந்த ஸ்கோரில் கையெழுத்திட்டால், விடுபட்ட தண்டனை ஸ்ட்ரோக்கைக் கூட்டினால் போதும், தகுதிநீக்கம் கிடையாது. விதி 3.3-இல் இது விதிவிலக்காகத் தெளிவாக இருக்கிறது. கமிட்டி சாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: "இதற்குத் தண்டனை உண்டென்று உங்களுக்குத் தெரியுமா?" 69 என்பது 70 ஆகியிருக்கும். கோப்பை அவருடையதாகவே இருந்திருக்கும்.

கண்டிப்பான விதி அமலாக்கம் மனிதத்தன்மை இல்லாதது என்று உங்கள் கிளப்பில் இப்போது பேசுகிறார்களாம். விதியை முழுவதும் படித்து அமல்படுத்தியிருந்தால் அந்தப் பெரியவர் அன்று தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பார்.

இனி முடிவை மாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். பரிசு கொடுத்துப் போட்டி முடிந்தபின், விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு கொடுத்த தீர்ப்பு ஸ்ட்ரோக் பிளேயில் பொதுவாக அப்படியே நின்றுவிடும். கமிட்டி விரும்பினால் இந்தியன் கோல்ஃப் யூனியனில் விதி அறிந்தவர்களுக்கு எழுதிக் கேட்கலாம். முடிவுப் பட்டியல் மாறாவிட்டாலும், சார் ஏமாற்றவில்லை, தீர்ப்புதான் பிழையானது என்று கமிட்டி எழுத்தில் ஒப்புக்கொண்டு, ஒலிபெருக்கியில் சொன்னதை அறிவிப்புப் பலகையில் திருத்த முடியும். அவர் திரும்பி வருவதற்கு அது வேண்டும்.

ஆறாவது குழி

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், நீங்கள் ஈரமில்லாதவர் அல்ல என்று காட்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியிருக்கிறீர்கள். ஆறாவது குழியில் திடீரென்று மழை. சார் தன் பந்தைக் குழியில் இறக்கிவிட்டு அடுத்த டீக்கு நடந்துவிட்டார். நண்பரின் பந்து குழிக்கு ஓர் அடி தூரத்தில் நின்றது. 'நனையாதே, எடுத்துக்கொள், நான்கு என்று போட்டுக்கொள்ளலாம்' என்றீர்கள். அவரும் எடுத்துக்கொண்டார். அடுத்த வரி உங்களுடையதே: 'சின்ன விதிமீறல்தான், ஆனால் அந்த மழையில் அதுதான் மனிதத்தன்மை.'

இந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். ஸ்ட்ரோக் பிளேயில் பந்து குழிக்குள் விழுந்தே ஆக வேண்டும். விட்டுக்கொடுத்தல் என்பதே அங்கே கிடையாது. பந்தைக் குழியில் இறக்காமல், அடுத்த டீயில் அடிக்கும் முன் திருத்திக்கொள்ளாமல் போனால் தகுதிநீக்கம்தான். அதைவிடக் கனமானது இன்னொன்று. ஒரு விதி பொருந்தும் என்று தெரிந்தே அதை ஒதுக்கிவைக்க இருவர் ஒத்துக்கொண்டால், ஒத்துக்கொண்ட எல்லோரும் தகுதி இழக்கிறார்கள். சொன்னவர், எடுத்தவர் இருவருமே. இந்தத் தகுதிநீக்கத்துக்குக் காலவரம்பு இல்லை. பரிசளிப்பு முடிந்த பிறகும் செய்யலாம்.

'தெரிந்தே' என்ற சொல்தான் இங்கே முக்கியம். ஓரடி தூரத்துப் பந்தை 'பட்' அடிக்காமல் எடுக்கலாம் என்று நீங்கள் உண்மையாகவே நம்பியிருந்தால், ஒத்துக்கொண்டதற்கான இந்தத் தண்டனை உங்களுக்கு இல்லை. ஆனால் விதிமீறல் என்ற சொல்லை எழுதியது நீங்கள்தான். வெள்ளிக்கிழமை நண்பர்களோடு ஆடும்போது அப்படி எடுப்பது வழக்கம் என்பதும், போட்டியில் கூடாது என்பதும் பதினைந்து ஆண்டு ஆடியவருக்குத் தெரியாமல் இருக்காது. அந்த விடையை உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. எந்தக் கமிட்டியும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

உங்களை நேர்மையற்றவர் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மழையில் நனையும் நண்பர் கண்ணுக்கு எதிரே நின்றார், மற்ற ஆட்டக்காரர்கள் கண்ணில் படவில்லை. யாருக்கும் நேரக்கூடியதுதான். ஆனால் தெரியாமல் செய்த பிழைக்காக ஒருவர் மேடையில் அவமானப்பட்டிருக்கிறார். தெரிந்து செய்ததாக நீங்களே எழுதியிருக்கும் பிழையோடு கோப்பை உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இதைத் தீர்க்காமல் மற்ற எதைப் பேசினாலும் உங்களுக்குத் தூக்கம் வராது என்று நினைக்கிறேன்.

நீக்க முடியுமா, வழக்குப் போடலாமா

சட்டத்துக்கு வருகிறேன், இது சுருக்கமானது. கிளப் சங்கமாகப் பதிவானதா, நிறுவனமாகப் பதிவானதா என்று பாருங்கள். எதுவானாலும் அதன் துணைவிதிகள்தான் உங்களுக்கும் கிளப்புக்கும் இடையிலான ஒப்பந்தம். ஒரு சங்க உறுப்பினரை நீக்கிய வழக்கில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. விதிகளில் சொன்ன முறைப்படிதான் நீக்க வேண்டும், குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் தர வாய்ப்பளிக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது. விதிமீறலைப் புகார் செய்தார் என்ற காரணத்துக்காக மட்டும் உங்களை இடைநீக்கம் செய்தால் அது நிற்பது கடினம். நோட்டீஸ் வந்தால் எழுத்தில் பதில் கொடுங்கள், நேரில் விளக்க வாய்ப்புக் கேளுங்கள்.

அவதூறு வழக்கு வேண்டாம். அவதூறைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு இருக்கிறது. இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்கும் போடலாம், அதற்கு ஓராண்டு காலவரம்பு. செயலாளரிடம் நீங்கள் நல்லெண்ணத்தோடு சொன்னதை, உரிய அதிகாரம் உள்ளவரிடம் செய்த புகார் என்று சட்டம் பாதுகாக்கும். ஆனால் வாட்ஸ்ஆப் செய்தி எழுதியவரைக் கூண்டில் ஏற்றினால், அவருடைய வழக்கறிஞர் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி ஆறாவது குழியைப் பற்றியதாக இருக்கும். அங்கே இருந்த நண்பரும் சாட்சியாக வருவார். நான் அந்தத் தரப்பில் இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். குழுவில் பதிலும் எழுத வேண்டாம். அங்கே எழுதுவது ஒவ்வொன்றும் படம் பிடித்து வைக்கப்படுகிறது.

செய்ய வேண்டியது

முதலில் நண்பரிடம் பேசுங்கள். நீங்கள் சொல்லப்போவது அவரையும் பாதிக்கும். சாருக்குச் செய்ததை, முன்கூட்டித் தெரிவிக்காமல் போய்ச் சொல்வதை, இவருக்கும் செய்யாதீர்கள். அவர் கோபப்படலாம். கோபப்பட்டாலும் அவர் முகத்துக்கு நேரே முதலில் சொல்லிவிட வேண்டும்.

பிறகு கமிட்டிக்கு ஒரே கடிதம், இரண்டு பகுதிகளாக. ஆறாவது குழியில் நடந்தது முதல் பகுதி: நடந்ததை மட்டும், காரணம் சொல்லாமல். கோப்பையைத் திருப்பித் தருவதாகவும் அதிலேயே எழுதுங்கள். அடுத்த பகுதியில் பதினான்காவது குழி: சார் உரக்கச் சொன்ன வார்த்தைகள், அவர் எதையும் மறைக்கவில்லை என்பதற்கு நீங்கள் சாட்சி என்பது, நீங்கள் நேரத்தில் சொல்லத் தவறியது, விதி 3.3-இன் விதிவிலக்கைக் கமிட்டி பார்க்க வேண்டும் என்ற வேண்டுகோள். கோப்பை அடுத்து யாருக்குப் போகும் என்பது கமிட்டியின் வேலை. சாருக்கே போக வேண்டும் என்று நீங்கள் நிபந்தனை போடக் கூடாது.

கடிதத்தைக் கொடுக்கும் முன் சாரின் வீட்டுக்குப் போங்கள். கோப்பையை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்; அதை அவர் கையில் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை, அவரும் வாங்க மாட்டார். கதவைத் திறக்காமல்கூட இருக்கலாம். திறந்தால், பதினான்காவது குழியில் தொடங்காதீர்கள், விதிப்புத்தகத்தையும் எடுக்காதீர்கள். ஆறாவது குழியில் மழையில் என்ன செய்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அவர் பதில் பேசும்வரை காத்திருங்கள்.

கமிட்டிக்கான கடிதத்தின் வரைவை எனக்கு அனுப்பினால் படித்துப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.